வத்தக்குழம்பின் விலாசம்

“நேத்து வத்தக்குழம்பு பிரமாதம்னு அந்தப் பொம்பளை எதுக்கு உங்களுக்கு மெசேஜ் போடணும்? அவளுக்கு எப்படித் தெரியும்?”

“வாசனை அங்கதான் போகுது ஜெயா. நம்ம பழைய ஃபிளாட்டுக்கு.”

“நல்லா கதை விடுறீங்க.”

அது கதையில்லை. சேதுமாதவனும் ஜெயலட்சுமியும் மகள் தன்யாவோடு ஷார்ஜாவிலிருந்து அஜ்மானுக்கு வீடு மாறிய நாள் முதல், அவர்கள் அடுப்பில் சமைத்த எதற்கும் மணமில்லை. மிளகாய் கருகினாலும் தும்மல் வரவில்லை. டெலிவரியில் வந்த பிரியாணி மணந்தது. ஜெயலட்சுமி தாளித்தது மட்டும் மணக்கவில்லை. முதலில் பெருங்காயத்தை மாற்றினாள், பிறகு கடையை, பிறகு மூக்கு டாக்டரை. ஏழு வயது தன்யா தட்டை முகர்ந்து பார்த்து, “பிளாஸ்டிக் ஃபுட்” என்று தள்ளி வைத்தாள். ஐந்து மாதத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டாள்.

விலாசத்தை மாற்றிப் பதிய வேண்டியது சேதுமாதவனின் வேலை. விசா புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று இங்கே எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். அரசாங்கக் கணினியில் அவர்கள் இன்னும் பழைய வீட்டில்தான் குடியிருந்தார்கள். வாசனை அந்தப் பதிவின்படியே போய்ச் சேர்ந்தது. அங்கே புதிதாகக் குடிவந்த சப்ரீனா, பற்றவைக்காத அடுப்பில் சாம்பார் மணக்கிறதென்று வாட்ச்மேனிடம் நம்பர் வாங்கி முதல் மாதம் புகார் சொன்னாள். இரண்டாம் மாதம் பாராட்டத் தொடங்கினாள். சேதுமாதவன் இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால், விலாசத்தை ஏன் இன்னும் மாற்றவில்லை என்ற கேள்வி வரும்.

அந்த வத்தக்குழம்பு மெசேஜ் ஜெயலட்சுமியின் கண்ணில் பட்டபின் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் நம்பவில்லை. சனிக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்குத் தாளிக்கும்படி கணவனிடம் சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்துப் பழைய வீட்டுக்குப் போனாள். எட்டு மாத வயிற்றோடு சப்ரீனா கதவைத் திறந்தாள். கணவன் சவூதியில், ஜுபைலில் கம்பெனி கேம்பில் இருப்பதாகச் சொன்னாள். ஜெயலட்சுமி அதையும் நம்பாமல் செருப்புகளை எண்ணினாள், குளியலறையில் ரேசர் இருக்கிறதா என்று பார்த்தாள், அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். பெருங்காய டப்பாகூட அகப்படவில்லை. பதினொன்று ஆனதும் அணைந்த அடுப்பின் மேல் தாளிப்பு மணம் எழுந்தது. கடுகு கருகியிருந்தது, சேதுமாதவனின் கைதான். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஜெயலட்சுமி தன் வீட்டை முகர்ந்தாள். சப்ரீனா வெறும் குபூஸ் ரொட்டியைப் பிய்த்து, அந்த மணம் அடங்குவதற்குள் அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டாள். புறப்படும்போது ஜெயலட்சுமி தன் நம்பரைக் கொடுத்து, திங்கட்கிழமை விலாசத்தை மாற்றிவிடப் போவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை, அரசாங்கப் படிவங்களை நிரப்பித்தரும் டைப்பிங் சென்டரில் முகம்மது ரிபாய் வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பினான். சேதுமாதவன் தயங்கித் தயங்கி வாசனை விஷயத்தைச் சொன்னபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“போன மாசம் ஒருத்தருக்குக் குறட்டை பழைய ரூம்லயே நின்னுபோச்சு பாய். பதிஞ்சதும் சரியாயிடுச்சு. கிளிக் பண்ணவா சிஸ்டர்? பண்ணா கலாஸ், வேலை முடிஞ்சுது, இன்னைக்கே மாறிடும்.”

ஜெயலட்சுமியின் மடியில் தன்யாவின் டிபன் பாக்ஸ் இருந்தது. பள்ளியிலிருந்து திறக்காமலே திரும்பியிருந்தது. அவள் தலையாட்டப் போகும்போது போன் அதிர்ந்தது. சேதுமாதவன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். அவனுடையது இல்லை. இந்தமுறை செய்தி அவளுடைய நம்பருக்கே வந்திருந்தது.

“அக்கா, வேற எது மணந்தாலும் குமட்டுது, உங்க தாளிப்புக்குத்தான் ரெண்டு வாய் இறங்குது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் விலாசத்த மாத்தாதீங்கக்கா. ஒரே ஒரு மாசம்.”