விசாலாக்ஷிக்கு மட்டும் சுருங்காத கட்டி

மார்பகப் புற்றுநோய்க்குப் பேராசிரியை அன்வரி பேகம் இருபத்திரண்டு வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்த மருந்து, அதைப் பற்றிய கட்டுரை அச்சாகி வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வேலைசெய்வதை நிறுத்திக்கொண்டது. முதலில் கவனித்தவர் அந்த அடையாறு ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் பேச்சியம்மாள். உயிருள்ள புற்றுச் செல் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், செத்த செல் தண்ணீரோடு போய்விடும் என்பது மைக்ராஸ்கோப் இல்லாமலே அவருக்குத் தெரியும். “மேடம், நேத்து வரிக்கும் தண்ணி ஊத்துனாலே போச்சு. இன்னிக்கு இன்னாடான்னா தேய்க்கத் தேய்க்க ஒட்டிக்கினு கீது” என்றார். அன்வரி பேகம் வெப்பத்தைச் சோதித்தார், மருந்தைப் புதிதாகத் தயாரித்தார், செல்களையே மாற்றிப் பார்த்தார். ஒரு மாதம் இப்படிப் போனது.

கட்டுரையில் ஒன்பது பெயர்கள் இருந்தன. முதல் பெயர் துறைத் தலைவர் வெங்கடரமணனுடையது. கோயிலில் முதல் மரியாதை மாதிரி அது அந்தத் துறையின் வழக்கம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது அவருடைய மாப்பிள்ளை ராம்குமார். பேங்கில் வேலை, வெளிநாட்டு விசாவுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. அடுத்து ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்கள், அதன்பிறகு போடாமல் இழுத்தடித்தவர்கள். அன்வரி பேகம் ஏழாவது. வயிற்றெரிச்சலில் அவர் ஒரு குடுவையின் மேல் தன் பெயரை மட்டும் எழுதி ஒட்டினார். மத்தியானத்துக்குள் பாதி செல்கள் செத்தன. எது செத்தது என்று எப்போதும் முதலில் சொல்லும் பேச்சியம்மாள் பெயரையும் சேர்த்ததும் மீதிப் பாதியும் செத்தது. முறைப்படி முப்பது குடுவைகளில் எல்லாப் பெயர்களையும் சோதித்தார். ராம்குமார் பெயர் ஒட்டிய குடுவையில் செல்கள் மூன்று மடங்கு பெருகின.

முடிவுகளைத் துறைத் தலைவரிடம் கொடுத்தார். அவர் ஐந்து பேர் கமிட்டி போட்டார். கமிட்டி இரண்டு வருஷம் கூடி, முந்திரி பக்கோடா சாப்பிட்டு, மருந்துக்குக் கீழ்ப்படிதல் போதாது என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையிலும் வெங்கடரமணன் பெயர்தான் முதலில்.

மூன்றாம் வருஷம் வெங்கடரமணனின் மனைவி விசாலாக்ஷிக்கு இடது மார்பில் நாலு சென்டிமீட்டர் கட்டி. இருக்கிற மருந்து எதற்கும் அது அசையவில்லை. ஒரு மழைநாளில் வெங்கடரமணன் அன்வரி பேகத்தின் அறைக்கு வந்து உட்கார்ந்தார், கட்டுரையின் பெயர்களை மாற்றும் திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது பெயர்கள் இருந்த இடத்தில் இரண்டு நின்றன: அன்வரி பேகம், பேச்சியம்மாள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அன்வரி பேகத்துக்கு அரை நாள்கூட நிற்கவில்லை. அந்த மனிதர் குடையை அங்கேயே மறந்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே போயிருந்தார்.

வடபழனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நாற்பது பெண்களுக்கு மருந்து கொடுத்தார்கள். முப்பத்தொன்பது பேருக்குக் கட்டி சுருங்கியது. விசாலாக்ஷிக்கு மட்டும் அதே நாலு சென்டிமீட்டர். கட்டுரை சரி, குடுவை சரி. பொய் இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடி அன்வரி பேகம் ஆஸ்பத்திரிக்கே போனார். வாசலிலேயே கேட்டது. விசாலாக்ஷி நர்ஸிடம், “மெதுவா குத்துங்கோம்மா. எங்காத்துக்காரர் கண்டுபிடிச்ச மருந்தாக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் வெங்கடரமணன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“ஸார், பேப்பர்ல மட்டும் திருத்துனா பத்தல. வீட்ல திருத்தல நீங்க” என்றார் அன்வரி பேகம். “சொல்லிடுங்க. நான் வெளிய நிக்கிறேன்.”

சர்வதேச மாநாடுகளில் மூச்சுவிடாமல் பேசிய வெங்கடரமணனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல இருபது நிமிஷம் பிடித்தது. “விசாலி, இந்த மருந்து நான் பண்ணலை. அன்வரி பண்ணினது.”

“தெரியுமேன்னா” என்றார் விசாலாக்ஷி. “முப்பத்திரண்டு வருஷமா பாலைப் பொங்கவிடற மனுஷர் மருந்து பண்ணினார்னு நான் நம்புவேனா? உங்க வாயால வரட்டும்னுதான் எல்லார்ட்டயும் சத்தமா சொல்லிண்டிருந்தேன்.”

அடுத்த வாரம் ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர், அதற்கடுத்த மாதம் ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. இப்போது அந்த மருந்து கடைகளில் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ஊசி போட வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வேறு யாரோ கண்டுபிடித்ததாகச் சொல்லக் கூடாது என்று தி.நகர் மருந்துக்கடைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லி, மீதிச் சில்லறையைக் கொடுக்கிறார்கள்.