மதவடிக்குத் திருப்பிய வாசல்

“பொம்பிளையளுக்கு விக்கேலாது அக்கா. சட்டம்,” என்றான் றெக்ஷன்.

கம்பி வலைக்குப் பின்னால் நின்று, என் முகத்தைப் பாராமல், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு சொன்னான். செத்த வீட்டுத் துடக்கோடு ஒருத்தி பட்டப்பகலில் சாராயக் கடைக்குள் வந்து நிற்பாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். உள்ளே நின்ற நாலைந்து பேரும் கிளாசுகளை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். எல்லாரும் என் மனிசனோடு சேர்ந்து குடித்தவர்கள். செத்த வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து “நல்ல மனிசன்” என்று சொல்லிவிட்டு, காடாற்று முடிந்த கையோடு இங்கே வந்து தொண்டையை நனைத்தவர்கள்.

“சட்டமோ?” என்று கேட்டேன். சத்தியமாக எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கடையைக் கட்டுப்படுத்த இந்தத் தீவில் ஒரு சட்டம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

“ஓம் அக்கா. வித்தால் லைசன்ஸ் போயிடும்.”

“என்ர மனிசன் உங்கட வாசலில விழுந்து செத்ததுக்குப் போகாத லைசன்ஸ், எனக்கு ஒரு போத்தல் தந்தால் போயிடுமோ?”

அவன் துடைப்பதை நிறுத்தினான். பாவம், அவனில் எனக்குக் கோபமில்லை. ஊர்காவற்றுறைப் பக்கத்து வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகிறவன், நாலு பிள்ளைகளின் தகப்பன், சம்பளத்துக்கு நிற்கிறவன். என் கோபத்துக்கு உரியவர் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வரும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை என்று நின்றேன்.

அன்றைக்கு என் மனிசனுடைய எட்டு, செத்த எட்டாம் நாள். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைத்து, குடிக்கிறவர் என்றால் ஒரு போத்தலும் வைத்து, பொழுதுபடும் செக்கல் நேரத்தில் அதைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவது எங்கள் ஊர் வழக்கம். ஆண்கள்தான் கொண்டுபோவார்கள். போத்தலையும் அவர்கள்தான் வாங்குவார்கள். அத்தான் ஆழ்வாப்பிள்ளை, என் மனிசனுடைய தமையன், காலையிலேயே காசுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அந்தப் போத்தல் யாருடைய கையால் வரவேண்டும் என்பதை நான் முதல் நாளே தீர்மானித்துவிட்டேன்.

என் மனிசன் கோபிசங்கர் பெரிய உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. குடித்தார், கைநீட்டினார், பிறகு அழுதார். ஆனால் இந்தக் கடை வருவதற்கு முந்தின இரண்டு வருசமும் தொடாமல் இருந்தவர். அதற்குக் காரணம் மனவுறுதி ஒன்றுமில்லை, தூரம்தான். குடிக்கவேண்டுமென்றால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகவேண்டும், பொழுதுபட்டால் திரும்பி வர பஸ் இல்லை. அந்தாளின் சோம்பல்தான் அந்தாளின் ஒழுக்கம். அந்தச் சோம்பலின் புண்ணியத்தில் புகையிலைத் தோட்டம் பச்சை பிடித்தது, வீட்டுச் சுவர் பூச்சுக் கண்டது, மகள் பிரியவதனி பயமில்லாமல் விளக்கடியில் இருந்து படித்தாள். பிறகு எங்கள் வீட்டுப் படலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வருசம் போகவில்லை. கடையிலிருந்து வெளியே வந்து, வாசலுக்கு முன்னால் இருக்கிற வாய்க்கால் மதவின் கட்டில் கால் தட்டி, முகம் குப்புற விழுந்து கிடந்தவரை விடியப் பிணமாய்க் கண்டெடுத்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லையாம்.

கட்டடம் பரராசசிங்கத்தாருடையது. தெற்கே காலிப் பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்து காசு கண்ட குடும்பம், பிள்ளைகள் கனடாவில். இவர் எங்கள் அம்மன் கோயில் முகாமையாளர். அந்தக் கட்டடத்தின் வாசல் முந்தி கோயில் றோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. கோயிலுக்குக் கிட்டச் சாராயக் கடை வரக்கூடாதென்று சட்டம் இருக்கிறதாம், அந்தத் தூரத்தை வாசலுக்கு வாசல் அளப்பார்களாம். மனிதர் என்ன செய்தார்? மேசனைப் பிடித்து முன்வாசலைச் சீமெந்துக் கல்லால் கட்டி மூடினார். பின்சுவரை உடைத்து மதவடிச் சந்தியைப் பார்க்க ஒரு வாசல் வைத்தார். சந்து போல வளைகிற ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு அளந்தபோது தூரம் சரியாக வந்துவிட்டது. அளக்க வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததும் அவர்தான், கோயிலுக்கு ஆட்சேபனை இல்லை என்று சொன்னதும் அவர்தான். கள்வருக்குப் பயந்து யன்னலெல்லாம் கம்பி. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரு வாசல்தான். தூரத்தைப் பற்றியே யோசித்தவர், மதவடிச் சந்தியில் எங்கள் சனம் காலங்காலமாக எதைக் கொண்டுபோய் வைக்கிறது என்பதை யோசிக்கவில்லை. கடை திறந்த பிறகு சனமும் அவருக்குப் பயந்து, எட்டுப் படையலை அங்காலே பனங்கூடல் பக்கம் கொண்டுபோகத் தொடங்கிவிட்டது.

போன ஆவணியில் பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். லைசன்ஸ் சட்டத்தை மாற்றப்போகிறார்களாம். இனி கிராம உத்தியோகத்தரான விதானையாரின் சிபாரிசு வேண்டாம், கோயிலைக் கேட்கவேண்டாம், பள்ளிக்கூடத்தைக் கேட்கவேண்டாம், எல்லாம் கொழும்பில் கணினியிலேயே முடியுமாம், அதனால் ஊழல் குறையுமாம். கண்ணாடி போட்ட ஒரு உத்தியோகத்தர் வாசித்துக்கொண்டு போனார். எங்கள் ஊர்ச்சனம் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு தலையை ஆட்டியது. நான் எழும்பிக் கேட்டேன்.

“அப்ப எங்கட ஊரில ஒண்டு நடந்தால் ஆரைப் போய்க் கேக்கிறது?”

“இது இன்னும் முன்மொழிவுதான் அம்மா. இதில எங்கட கையில ஒண்டுமில்லை,” என்றார் அவர்.

முன்வரிசையில் இருந்த பரராசசிங்கத்தார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியே வரும்போது யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தார், சட்டம் மாறட்டும், மூடின வாசலையும் உடைச்சுத் திறப்பம் என்று. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தேன்.

என் மனிசன் செத்த மூன்றாம் நாள் விதானையாரைக் கேட்டுப் பார்த்தேன். தன் கையில் இல்லை என்றார். மதுவரிக்காரருக்குப் போன் எடுத்தேன். கடைக்குள்ளே செத்திருந்தால் பார்க்கலாம், வெளியே செத்தது தங்கள் கையில் இல்லை என்றார்கள். கோயில் சபையில் ஒருவரைக் கேட்டேன், முகாமையாளர் முடிவெடுக்கிற விசயம், தன் கையில் இல்லை என்றார். இத்தனை கையில்லாத மனிதர்கள் சேர்ந்து எப்படி ஒரு கடையைத் திறந்தார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மத்தியானப் பூசை முடிந்து பரராசசிங்கத்தார் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கோயிலில் கொடி ஏறியிருந்தது, முதல் உபயகாரர் என்று வலது கையில் காப்புக் கட்டியிருந்தார். அந்தக் கையோடு சாராயக் கடைக்குள் வருகிறோமே என்ற கூச்சம் மருந்துக்கும் இல்லை. என்னைக் கண்டதும்தான் இரண்டடி பின்வாங்கினார்.

“என்ன பிள்ளை, துடக்கோட இஞ்ச வந்து நிக்கிறீர். இனி நான் போய்த் தலைக்குத் தோயவேணும்.”

“எட்டுக்கு ஒரு போத்தல் வேணும் அண்ணை. பொம்பிளைக்கு விக்கேலாதாம். அதுதான் கடைக்காரரைக் கேப்பம் எண்டு நிண்டனான்.”

“கடை என்ர இல்லையே. லைசன்ஸ் கொழும்பில ஒரு பெரிய ஆளின்ர பேரில. நான் கட்டடத்தை மட்டும்தான் குடுத்தனான்.”

சொல்லிக்கொண்டே வலைக்கதவைத் திறந்து உள்ளே போனார். மேல்தட்டில் பின்வரிசையில் இருந்த ஒரு போத்தலைக் கை நீட்டி எடுத்தார். றெக்ஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டடம் மட்டும் கொடுத்த மனிதருக்கு எது எந்தத் தட்டில் இருக்கிறதென்று நல்லாய்த் தெரிந்திருந்தது. என் கையில் முட்டாமல் மேசையில் வைத்துத் தள்ளினார்.

“இந்தாரும். காசு வேண்டாம், கோபியின்ர எட்டுக்கு என்ர பங்கு. ஆனால் ஒண்டு பிள்ளை, கோயில் றோட்டால வந்திடாதையும். கொடி ஏறின நேரம். ஒழுங்கையால போம்.”

“ஓம் அண்ணை. ஒழுங்கையாலதான் வருவன்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். ஒடியல் பிட்டு, கணவாய்க் கறி, கோழிக் குழம்பு, அவித்த முட்டை. கணவாயை அந்தாளுக்குப் பிடித்த மாதிரி உறைப்பாய்க் காய்ச்சினேன். காய்ச்சும்போதும் பேசிக்கொண்டுதான் காய்ச்சினேன். குடிக்கப் போன உனக்கு வெட்கமில்லை, உன்னைக் குடிக்க விட்டவனுக்காவது வெட்கம் வரட்டும் என்று. பிரியவதனி குசினி வாசலில் நின்று என்னைப் பயத்தோடு பார்த்தாள். அழாத தாயை எந்தப் பிள்ளைதான் பயமில்லாமல் பார்க்கும்?

பரராசசிங்கத்தார் ஒவ்வொரு நாளும் செக்கலில் கடையை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாலைப் பூசைக்குப் போவார். கோயில் சாவியெல்லாம் கோர்த்த திறப்புக்கோர்வை அவருடைய இடுப்பில்தான் கிடக்கும், அவர் போகாமல் வசந்த மண்டபம் திறபடாது. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த விசயம். அன்றைக்குச் செக்கலில் ஒழுங்கை முடக்கில் நின்று அவர் கடைக்குள் போவதைக் கண்டபிறகு, அத்தானின் தலையிலிருந்த படையல் சுளகைப் பிடித்து இறக்கினேன்.

“நான் கொண்டுபோறன் அத்தான்.”

“உமக்கென்ன விசரே தர்சனா? பனங்கூடலடிக்குப் போவம்.”

“அந்தாள் பனங்கூடலடியிலயோ செத்தவர்?”

நான் மதவடிக்குப் போனேன். கடைப்படிக்கு முன்னால், வாசல் அகலத்துக்கு, இரண்டு தலைவாழை இலையை விரித்தேன். பிட்டை வைத்தேன், கறிகளை வைத்தேன், சுருட்டை வைத்தேன். பரராசசிங்கத்தார் தன் பங்கென்று தந்த போத்தலைத் திறந்து சிரட்டையில் வார்த்து நடுவில் வைத்துக் கர்ப்பூரம் கொளுத்தினேன். மூன்று ஒழுங்கையாலும் குடிக்க வந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. எட்டுப் படையலைத் தாண்டி அந்தப் படியில் கால் வைக்க ஒருவனுக்கும் நெஞ்சு வரவில்லை. உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் புகையைக் கண்டு எழும்பி வந்து, நிலையோடு நிலையாக நின்றுவிட்டார்கள்.

அவர்களை விலத்திக்கொண்டு பரராசசிங்கத்தார் வந்தார். காலைத் தூக்கியவர் இலையைக் கண்டதும் அப்படியே பின்னால் வைத்தார்.

“என்ன வேலை பிள்ளை இது? எடும்.”

“எட்டு வைக்கிற சந்தி இதுதானே அண்ணை. நீங்கள் சொன்னபடி ஒழுங்கையாலதான் வந்தனான்.”

என்னைக் கண்ட துடக்கு என்றால் தோய்ந்தால் போய்விடும். காப்புக் கட்டின கையோடு எட்டுப் படையலைக் கடந்துபோன மனிதரை, அதுவும் இத்தனை கண் பார்க்க, கொடி இறங்குமட்டும் ஒருவரும் மூலஸ்தானத்துப் பக்கம் விடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சைக்கிளில் நின்றவர்களுக்கும் தெரியும்.

“றெக்ஷன், இதை அள்ளி அங்கால எறியும்,” என்றார்.

றெக்ஷன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு பருக்கையிலும் கால் படாமல் அகலமாய் எட்டி வைத்து வெளியே வந்தான். மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்துகொண்டு திரும்பிப் பார்த்தான்.

“அது என்ர கையில இல்லை அண்ணை,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு எட்டு நாளுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்வேன், அதை மறைத்து எனக்கு என்ன வரப்போகிறது?

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அவருடைய இடுப்பில் போன் அடித்தது. எடுக்கவில்லை. கட்டி மூடிய முன்வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

“தர்சனா,” குரல் இறங்கியிருந்தது, “உமக்கு இப்ப என்ன வேணும்?”

“கடை ஆரின்ர எண்டு இவ்வளவு பேருக்கும் முன்னால சொல்லும். நானே எடுக்கிறன்.”

“உமக்குத் தெரியும்தானே.”

“தெரியும். உம்மட வாயால கேக்கவேணும்.”

மணி நின்று, பிறகு கூப்பிடுகிற மாதிரி மறுபடியும் அடித்தது. மேளக்காரரும் தொடங்கிவிட்டார்கள். படையலை வைத்தால் திரும்பிப் பாராமல் போகவேண்டும் என்று அத்தான் தூரத்தில் நின்று சத்தம் வைத்தார். கறி வாசத்துக்கு மதவுக்குக் கீழேயிருந்து இரண்டு நாய்கள் ஏறி வந்தன. ஒன்று கணவாய்க் கறிக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனது. அதைக் கண்டதும் பரராசசிங்கத்தாரின் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது.

வேலியோரம் கிடந்த பனை மட்டையை எடுத்து நாய்களைக் கலைத்தேன். பிறகு, என் மனிசன் விழுந்த அந்த மதவுக் கட்டில் ஏறிக் குந்தி, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.