நைட்டிப் பக்கமும் ஜெபப் பக்கமும்

சோழபுரம் வெள்ளைத்தாயின் முழங்கால் வலி, 2023 ஆடி மாதத்தில், புது நைட்டியை முதல் தண்ணீரில் அலசியபோது இளநீலச் சாயமாக இறங்கிச் சாக்கடையோடு போனது. நைட்டியின் நிறம் மஞ்சள். அது பொட்டுக்கூட வெளுக்கவில்லை. வலி போனதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வலி என்றால் வரும், போகும். அவள் நைட்டியே கேட்கவில்லை என்பதுதான் பேச்சாகக் கிடந்தது. மருமகளிடம் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெப வீட்டின் ஃபேஸ்புக் பக்கத்தில் முழங்காலுக்கு ஜெபிக்கவும் என்று எழுத வைத்தாள், அவ்வளவுதான். மாரியம்மனிடம் கேட்டாயிற்று, இங்கேயும் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவள் எண்ணம். அடுத்த நிமிடமே, எந்தக் கலர் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. ஜெபத்தில் கலர்கூட உண்டு போல என்று நினைத்து, மஞ்சள் என்றாள். நாலைந்து நாளில் கூரியர்க்காரர் பார்சலோடு வாசலில் நின்றார்.

இதற்கெல்லாம் காரணம் எபனேசர். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அவனுடைய சித்தி பிரிஸ்கில்லா வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைத்து விற்பவள். அவளுக்குத் தைக்கும் நேரத்தைவிட, தன் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்து விழும் 'ப்ரைஸ் ப்ளீஸ்'களுக்குப் பதில் போடும் நேரம் அதிகமாகிவிட்டது. ஜெப வீட்டை நடத்தும் ஞானரத்தினம் அண்ணாச்சியோ, விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சீட்டில் பார்த்தெழுதிக் கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடிவு தருகிறேன் என்று எபனேசர் கிளம்பினான். கோடிங் ஒரு வரிகூட வேண்டாம், திரையில் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் கோடு இழுத்தால் போதும், பக்கத்தில் கமெண்ட் விழுந்ததும் பெயரும் ஊரும் என்ன வேண்டும் என்பதும் தானாக டேட்டாபேஸில் ஏறிக்கொள்ளும், பதிலும் தானாகப் போகும் என்று யூடியூபில் பார்த்திருந்தான். பார்த்தது சரிதான். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் சபையார் எல்லோருக்கும் பைபிள் வசனம் அச்சடித்த அந்த வருடத்து வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அந்த வருடம் முழுக்க அதையே ஃபேஸ்புக்கில் முகப்புப் படமாக வைத்துக்கொள்வது நம்மவர்களின் வழக்கம். பிரிஸ்கில்லாவும் ஞானரத்தினமும் ஒரே சபை. எபனேசரின் திரையில் இரண்டு வட்டத்திலும் ஒரே சூரிய உதயம், ஒரே வசனம். பிரியாணி வந்துவிட்டதென்று கடைப்பையன் கூப்பிட்டதும், இரண்டு கோட்டையும் மாற்றி இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அன்றிலிருந்து ஜெபம் கேட்டவர்களுக்கு நைட்டி போனது. நைட்டி கேட்டவர்களுக்கு ஜெபம் போனது. நைட்டிக்கான பணம் மட்டும் எப்படியோ பிரிஸ்கில்லாவின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. யார் போடுகிறார்கள் என்று வங்கியில் கேட்டதற்குச் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். செண்பகத்தோப்பில் வனக்காவலராக இருக்கும் இருளப்பசாமி, யானை பயம் போகவேண்டும் என்று எழுதியிருந்தார்; அவருக்குப் பச்சையில் பூப்போட்ட நைட்டி வந்தது. மனிதர் கூச்சப்பட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ராத்திரி போட்டுப் படுத்தார். காலையில் துவைத்தபோது பயம் சாம்பல் நிறத்தில் இறங்கியது. இப்போது யானைதான் அவரைக் கண்டு ஒதுங்குகிறது. கான்சாபுரம் செல்வலட்சுமி முன்பக்கம் ஜிப் வைத்த மெரூன் நைட்டி கேட்டாள். ஞானரத்தினத்தின் குழு, ஆண்டவரிடம் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று தரம் பிரிக்க நாம் யார் என்று முழங்கால் போட்டு, அவளுக்கு ஜிப் வைத்த மெரூன் நைட்டி அருளும்படி ஜெபித்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய பழைய நைட்டி மெரூனாகி, ஜிப்பும் முளைத்திருந்தது. கேட்டது கிடைத்துவிட்டால் பிறகு யார் புகார் சொல்லப் போகிறார்கள்?

பிரிஸ்கில்லாவுக்குக் கோடு மாறியது தெரியாது. பட்டியலில் பெயரையும் ஊரையும் கலரையும் மட்டும் பார்த்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மனசு வேறெங்கோ கிடந்தது. ஒரே மகள் ஷெரின், முந்தைய வருடம் கௌதம்ராஜ் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, இனி உனக்கு இங்கே ஒன்றும் கிடையாது என்று இவள் வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்ன வார்த்தை. ஷெரினும் இவள் வயிற்றில் பிறந்தவள்தானே, அதற்குப் பின் ஒன்றும் கேட்கவில்லை, போனும் இல்லை. அவள் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம் ஆகாது. சபையில் கேட்டவர்களிடமெல்லாம் மகள் பெங்களூரில் வேலையாக இருக்கிறாள் என்று பிரிஸ்கில்லா சொல்லி வைத்திருந்தாள். மகள் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லை. அதை ஜெபத்துக்கு எழுதினால் பெங்களூர்ப் பொய் சந்தி சிரித்துவிடும் என்று எழுதாமல் இருந்தாள்.

ஆடி கடைசியில் வெள்ளைத்தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்ல வந்தாள், பார்சலில் இருந்த விலாசம் பார்த்து. அவள் சொல்லச் சொல்லப் பிரிஸ்கில்லாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எபனேசரைக் கூப்பிட்டாள். அவன் வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். இரண்டு கோடும் இடம் மாறிக் கிடந்தன.

"சித்தி, ஒரு நிமிசம். இப்பவே மாத்தி இழுத்துருதேன்" என்றான்.

பிரிஸ்கில்லா அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தாள். நைட்டி என்று கேட்டால் அங்கே ஜெபமாகப் போய் விழுகிறது என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்ல. நாளைக்கு வந்து மாத்து" என்றாள்.

அவன் போனபின், தன் போனிலிருந்து தன்னுடைய நைட்டிப் பக்கத்துக்கே வாடிக்கையாளரைப்போல் போய், ஒரு படத்தின் கீழே, ஷெரினுக்கு ஒரு நைட்டி வேண்டும் என்று எழுதினாள். இது ஜெபம் இல்லை, நைட்டிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உங்கள் விண்ணப்பம் சேர்ந்தது என்று பதில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் ஒன்பது மணி ஜெபத்தில் ஞானரத்தினம் அதை வாசித்தார். எழுதியது யார், எந்த ஷெரின் என்று அவருக்குத் தெரியும். பால்கோவாக் கடையில் அவளிடம்தான் வாராவாரம் கால் கிலோ வாங்குகிறார். இதுநாள்வரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அன்றைக்கும் காட்டிக்கொள்ளாமல், மற்ற விண்ணப்பங்களைவிடச் செத்த நேரம் கூடுதலாகக் குனிந்திருந்தார்.

அதே நேரத்தில் கடையில் பால்கோவா நிறுத்துக்கொண்டிருந்த ஷெரினின் சுடிதார், காப்பிப்பொடி நிறத்தில் நைட்டியாக மாறியது. கால் கிலோ வாங்க வந்தவர் அதைப் பார்த்தார், அரைக் கிலோவாகவே போடச் சொன்னார். ஷெரின் வலப்பக்கம் கைவிட்டுப் பார்த்தாள். உள்பாக்கெட் இருந்தது. அம்மாவைத் தவிர ஊரில் வேறு எவளும் நைட்டிக்கு அந்த இடத்தில் பாக்கெட் வைப்பதில்லை. முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, நம் ஊரில் எல்லாப் பெண்களும் கடைத்தெருவுக்குப் போவதுபோல நைட்டிமேல் துப்பட்டாவைப் போர்த்தி, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது எபனேசர் லேப்டாப்பும் கையுமாக வீட்டுக்குள் இருந்தான். பிரிஸ்கில்லா மெஷினை விட்டு எழுந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தவள் பிறகுதான் வயிற்றைப் பார்த்தாள். அளவு தெரியாமல் வந்த நைட்டி அங்கே இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எம்மா, வயித்துல பிடிக்கு. ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணும்" என்றாள் ஷெரின்.

எத்தனை மாதம் என்று கேட்கும் உரிமை தனக்கு மிச்சமிருக்கிறதா என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரியவில்லை. எபனேசர் இதுதான் சமயம் என்று, கோட்டை மாற்றிவிடவா என்று கேட்டான். பிரிஸ்கில்லா அவனைப் பார்த்த பார்வையில் லேப்டாப்பை மூடிவிட்டான். அந்தக் கோடுகள் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. முகப்புப் படம் வருடாவருடம் மாறுகிறது, வேறொன்றும் மாறவில்லை. சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் இது பழகிப்போய்விட்டது. நைட்டி வேண்டுமென்றால் நைட்டியும் ஜெபம் வேண்டுமென்றால் ஜெபமும் கேட்கிறார்கள், எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அன்று பிரிஸ்கில்லா மகளை உள்ளே கூட்டிப்போய் நிறுத்தி, டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள்.

"எம்புட்டு விடணும்ட்டி?"

"இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தாங்குத மாதிரி விடும்மா."

பிரிஸ்கில்லா மூன்று மாதத்துக்குத் தாங்கும்படி விட்டுத் தைத்தாள்.