கிழக்குச் சாலை, நாற்பத்தொரு வளைவுகள்

டிரைவர் லாரியை விட்டு இறங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மர டிப்போவின் எடைமேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து, மலைக்குப் போகிற லாரிக்கும் மலையிலிருந்து வருகிற லாரிக்கும் எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதுதான் இப்போது அவர் வேலை.

அவரை இறக்கிவிட்டது வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கனரக லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சோதனை வேண்டும் என்றபோது, நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று டிரைவர் அவரிடமே போனார். நேர்ப்பார்வையில் குறை ஒன்றுமில்லை, பக்கப் பார்வை இரண்டு புறமும் சுருங்கிவிட்டது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் மச்சினர். ஒரு வரியைக்கூட மென்று விழுங்கவில்லை.

அன்றிலிருந்து டிரைவர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. மச்சினர் முன்வாசலில் செருப்பைக் கழற்றினால் இவர் பின்வாசல் வழியாகப் போய், காலையில் தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி தண்ணீர் ஊற்றுவார். அந்த வீட்டு ரோஜாச்செடி ஒன்று வேர் அழுகிச் செத்ததற்கு அதுதான் காரணம் என்பது மனைவியின் கட்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மச்சினர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். டிரைவர் எழுந்திருப்பதற்குள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். நான்கு மூலைக்கும் நான்கு டீ கப்பை வைத்து அழுத்தியது அவர் அக்காள். வரைபடம் என்றால் டிரைவருக்குக் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். மச்சினர் சேர்ந்திருக்கும் சைக்கிள் குழுவில் பதினோரு பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலையைச் சுற்றி நூற்று முப்பது கிலோமீட்டர் போகப்போகிறார்கள். ஒரு பக்கம் ஏறி, மேலே காட்டு வழியாக முப்பது கிலோமீட்டர் ஓட்டி, மறுபக்கம் இறங்கி வீடு திரும்ப வேண்டும். மலைக்கு இரண்டு சாலைகள் உண்டு. கிழக்குச் சாலை பதினோரு கிலோமீட்டர், நாற்பத்தொரு வளைவுகள். மேற்குச் சாலை இருபத்து நான்கு கிலோமீட்டர்.

மனைவி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். யாரையும் அதட்டுகிற தொனி அவளுக்குத் தானாக வந்துவிடும். “நாப்பது வயசாச்சுன்னு மலை ஏறித்தான் காட்டணுமாடா? மாடிக்கு ஏறி அந்தத் துணியை எடுத்துட்டு வா, உன் தெம்பைப் பார்க்கலாம்” என்றாள்.

மச்சினர் சிரித்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். “மாமா, இருபத்திரண்டு வருஷம் ஓட்டின ரோடு. உங்களைவிட யாருக்குத் தெரியும்? எந்தப் பக்கம் ஏறலாம், சொல்லுங்க.”

டிரைவரின் விரல் தானாகவே கிழக்குச் சாலையில் போய் நின்றது.

“இதுல ஏறு மாப்ளே. தூங்கிக்கிட்டே ஏறலாம். வண்டி பூனை மாதிரி போகும். மேற்குலதான் எமன் உட்கார்ந்திருக்கான். வளைவுக்கு வளைவு பிரேக் கருகுற நாத்தம் வரும்.”

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அதன்பின் அவர் வாய் மூடவில்லை. ஆறாவது வளைவில் அறுவை மில் நாய் துரத்தும், ஆனால் பாலத்தைத் தாண்டி வராது. மேலே சோதனைச் சாவடிக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லாரிகள் ஓடாது. இப்படிச் சொல்லச் சொல்ல மச்சினர் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். கிழக்கு ஏற்றம் என்று போட்டு எதிரே ‘சுலபம்’ என்று எழுதும் முன், ஒரு தடவை தன் கைபேசியைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினார்.

மறுநாள் அந்தத் தாள் பதினோரு பிரதியாகிக் குழுவில் எல்லோர் கைக்கும் போனது. அடியில் ‘வழி சொன்னவர்: டிரைவர் மாமா’ என்று இருந்தது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இந்த வருடம் வரமாட்டேன் என்று ஒதுங்கியிருந்த பாட்டு வாத்தியார்கூட ‘சுலபம்’ என்பதைப் பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டாராம். மனைவிதான் இதை டிரைவரிடம் சொன்னாள். அன்று மத்தியானம் நாற்காலியில் கண்ணயர்ந்தபோது அவருடைய இடது கை கியர் மாற்றிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் லாரிக்காரன் எடைமேடையில் லாரியை ஏற்றி நிறுத்தினான். தலைமுடி அடர்த்தியாக இருந்தும் அவனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்கி வந்தவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துவிட்டான்.

“அண்ணே, கிழக்கு ரோடு இன்னைக்கு உயிரை வாங்கிடுச்சு. புது அறுவை மெஷின், பன்னிரண்டு டன். மேல கொண்டுபோய் இறக்கச் சொல்லிட்டாங்க. மொத வளைவுலேர்ந்து கடைசி வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர். ரேடியேட்டருக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்தினேன்.”

“உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லு.”

“சொல்லுவீங்க. ஆனா மேற்கால காலியா இறங்கி வந்தேன் பாருங்க, பிரேக்கைத் தொடவே வேணாம். இவ்ளோ சாதுவான ரோட்டைப் போய்தான் இத்தனை நாளும் திட்டியிருக்கோம்.”

மொட்டை டீ குடிக்கப் போய்விட்டான். டிரைவர் சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார். காலி லாரி ஒன்பது டன். மரத்தோடு இருபத்தாறு டன். கம்பெனி வகுத்த விதி, எதிரெதிரே வந்து முட்டக்கூடாது என்பதற்காக: காலி லாரி கிழக்கில் ஏற வேண்டும், சரக்கு லாரி மேற்கில் இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் கிழக்கில் பாரத்தோடு ஏறியதில்லை. மேற்கில் காலியாக இறங்கியதில்லை. அவருக்குத் தெரிந்தது சாலை இல்லை, பாரம். அதே உச்சிக்குப் பதினோரு கிலோமீட்டரில் ஏறுவது எங்கே, இருபத்து நான்கு கிலோமீட்டரில் ஏறுவது எங்கே? கணக்கு அன்றைக்கு மேசையிலேயே விரிந்து கிடந்தது, டீ கப்புகளுக்கு நடுவில்.

அந்தத் தாளில் அவர் பெயர் இருந்தது. பாட்டு வாத்தியாரின் முழங்காலும் அதை நம்பித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கண்தான் போயிற்று என்று பார்த்தால் ரோடும் போயிற்று என்பார்கள். லாரியும் இல்லாமல் ரோடும் இல்லாமல், டிரைவர் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சனிக்கிழமை காலை செடிக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றினார். “இன்னைக்கு அவன் வரலையே, யாருக்காக ஊத்துறீங்க?” என்றாள் மனைவி. டிரைவர் குழாயை மூடிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தார்.

கடையில் ஒரு கல்லூரிப் பெண் சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் இரண்டு எழுத்தைத் தப்பாகச் சொன்னாள். மச்சினர் அதை அப்படியே குறித்துக்கொண்டு அவளை அனுப்பினார். பிறகுதான் டிரைவர் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்த நாற்காலி.

“கிழக்கு ரோட்டைப் பத்தி நான் சொன்னது தப்பு மாப்ளே. நான் எப்பவும் காலியாத்தான் ஏறியிருக்கேன். சைக்கிள்காரனுக்கு அது செங்குத்து.”

மச்சினர் கையில் இருந்த கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “தெரியும் மாமா.”

“எப்போ தெரியும்?”

“அன்னைக்கே. ஃபோன்ல ஏத்தம் இறக்கம் எல்லாம் கோடு போட்டுக் காட்டும்.”

“தெரிஞ்சுதான் எழுதினியா?”

“எட்டு மாசம் கழிச்சுப் பேசினீங்க. அதுல போய் இது தப்புன்னு எப்படிச் சொல்றது? ஏறிடலாம்னு நினைச்சேன். வாத்தியாருக்கு முடியலைன்னா அக்கா வேன்ல ஏத்திக்கலாம்னு.”

டிரைவர் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். நேராகப் பார்த்தால் கடைசி வரிவரை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“என் கண்ணைப் பத்திச் சொல்றப்போ ஒரு எழுத்துகூட நீ மாத்தலை. கோவம் இருந்துச்சு. ஆனா இவன் வாயில பொய் வராதுன்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. அதையும் எடுத்துட்டியே” என்றார்.

மச்சினர் கண்ணாடியைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார், பென்சிலையும் ரப்பரையும் எடுத்தார். ‘சுலபம்’ அழிந்தது.

“சரி, திருப்பிப் போடுவோம். மேற்குல ஏத்தம், கிழக்குல இறக்கம். மேற்கு ஏத்தத்துக்கு என்ன எழுத?”

“நீளம், ஆனா நிதானமா இருக்கும். மொட்டை சொன்னதையும் உன் கோட்டையும் வெச்சு எழுது. நான் சொன்னேன்னு எழுதாதே.”

“கிழக்கு இறக்கம்?”

டிரைவர் யோசித்தார். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. எல்லாம் ஏறுமுகமாகவே வந்தன. எவ்வளவு முயன்றாலும் அவற்றைத் திருப்பிப் போட முடியவில்லை.

“தெரியாது” என்றார். “நான் இறங்கினதே இல்லை. தெரியாதுன்னே எழுது.”

மச்சினர் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். அடியில் இருந்த பெயரை அழிக்கட்டுமா என்று கேட்கவில்லை. டிரைவரும் அழி என்று சொல்லவில்லை.

திருத்திய வழி அன்று மாலையே குழுவில் எல்லோருக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் மேற்கில் ஏறினார்கள். பாட்டு வாத்தியார் கடைசியாக வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. காட்டைக் கடந்து கிழக்கு முனைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. எல்லோரும் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டு, இடைவெளி விட்டு, ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். பின்னால் பள்ளிக்கூட வேன். ஓட்டியது மனைவி. பக்கத்து இருக்கையில் டிரைவர், மடியில் அந்தத் தாள்.

முதல் வளைவிலேயே அவர் வலது கால் தரையை அழுத்தியது.

“அங்கே பிரேக் இல்லை. சும்மா வாங்க” என்றாள் அவள்.

வளைவுப் பலகைகள் நாற்பத்தொன்றிலிருந்து குறைந்துகொண்டே வந்தன. எண்கள் அவருக்குப் பழக்கமானவை. இடங்கள் யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்தவை போல இருந்தன. ஏறும்போது சுவர் மாதிரி நின்ற மரங்கள் இப்போது விலகிக் கீழே சமவெளியைக் காட்டின. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அவர் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. இருபத்து மூன்றாவது வளைவில் அப்படித் திருப்பியபோது, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் மூங்கில் குழாய் ஒன்றிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தார். கீழிருந்து வருகிறவனுக்குப் பாறை மட்டும்தான் தெரியும்.

“நிறுத்து” என்றார்.

“எதுக்கு?”

அவர் சட்டைப்பையில் பென்சிலைத் தேடி எடுத்தார். ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு எதிரே ஓர் அரை வரி காலியாக இருந்தது. அதில், ‘23ஆம் வளைவு, பாறைக்குப் பின்னால் தண்ணீர், இறங்கும்போது மட்டும் தெரியும்’ என்று எழுதினார். எழுத்துக் கொஞ்சம் கோணியது. வேன் சரிவில் நின்றுகொண்டிருந்தது.

“ம், போகலாம்” என்றார்.