பொங்கி வழியாத மருந்து

காது கிழிய முழங்கிக்கொண்டிருந்த வெர்லாவின் துப்பாக்கி திடீரென்று 'பட்' என்றது. அவ்வளவுதான், சத்தமே இல்லை. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஓரின் சட்டென்று நிமிர்ந்தான். அந்தத் தோட்டாக்கள் அத்தனையையும் வீட்டு கராஜில் உட்கார்ந்து, வெடிமருந்து அளந்து போட்டு நிரப்பியவன் அவன்தான்.

"நிறுத்து!" என்று கத்தினார் துப்பாக்கி சுடும் போட்டியை நடத்தும் மெரில். வெர்லா அதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டாள். மெரில் பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினார். தோட்டாவின் அடியிலுள்ள பொறி மட்டும் தள்ளியதில் பாதியில் சிக்கியிருந்த ஈயக்குண்டு வெளியே விழுந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் துப்பாக்கியே வெடித்திருக்கும்.

"மருந்தே போடாம மூடியிருக்கான் உன் புருஷன். சிக்கனத்துக்கும் ஒரு அளவு வேணாமா ஓரின்?" என்றார் மெரில். எல்லோரும் சிரித்தார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து அந்த மூலையில் ஓரினின் கஞ்சத்தனம் ஊரறிந்த விஷயம். டீ பையைக் காயவைத்து மறுபடி போடுகிறவன்.

கடைசிச் சுற்று மீதமிருந்தது. இன்னும் வெர்லாதான் முன்னணியில் இருந்தாள். ஜெயித்தால் மாநிலப் போட்டி. எத்தனை வருஷத்துக் கனவு! அவளுடைய பழைய ரிவால்வருக்குப் பொருந்தும் தோட்டா அங்கே வேறு யாரிடமும் இல்லை.

மெரில் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணுல விட்டுப் போச்சுன்னா, இன்னொண்ணுல ரெண்டு பங்கு விழுந்திருக்கலாமே வெர்லா? சுட்டா கை போயிடும்."

"அந்த பயமே வேணாம். இதுல இருக்கிறது பருமனான மருந்து. ஒரு பங்குக்கே தோட்டா முக்கால்வாசி ரொம்பிடும். ரெண்டாவது தடவ போட்டா பொங்கி மேஜையெல்லாம் கொட்டும். இந்தக் கவனக்கொறைச்சல் மனுஷன நம்பியா இருப்பேன்? அதுக்குத்தான் அதையே வாங்கச் சொன்னேன்."

அவள் சொன்னதெல்லாம் சரி. அவன்தான் அதை வாங்கவில்லை.

கடையில் அந்த மருந்து தீர்ந்திருந்தது. அடுத்த ஊருக்கு ஓட்டிப்போக பெட்ரோல் யார் தருவார்? வீட்டில் வேறு வகை மருந்து ஒரு பழைய டப்பாவில் இருந்தது. துளி போட்டால் போதும், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். அந்தத் துளி தோட்டாவின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பங்கு போட்டாலும் பாதிகூட நிறையாது. "வாங்கிட்டியா?" என்று வெர்லா கேட்டபோது "ம்" என்றான். அளந்து போட்டுக்கொண்டிருந்த நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, எதில் விட்டோம் என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஆரம்பித்தான்.

வெர்லா ரிவால்வரின் சுழலும் சக்கரத்தில் தோட்டாக்களைப் போட்டாள். ஒன்றில் தவறினால் இன்னொன்றில் இரண்டு விழுந்தே தீரும் என்று சட்டமா என்ன? ஓரின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்போது வாயைத் திறந்தால் அவள் கனவு போயிற்று, இத்தனை பேர் முன்னால் அவன் மானமும் போயிற்று. ஒன்றும் ஆகாது. இதுவரை ஆகவில்லையே.

அவள் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு ரிவால்வரைத் தூக்கினாள். எப்போதும்போல இடது கண்ணை இடுக்கினாள்.

"நிறுத்து! நிறுத்து!"

அந்த மைதானத்தில் யார் அப்படிக் கத்தினாலும் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். வெர்லா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். ஓரின் எழுந்து நின்றிருந்தான்.

"அது நீ சொன்ன மருந்து இல்ல, வெர்லா. பழைய டப்பா. வாங்கிட்டேன்னு பொய் சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வெர்லா கத்தியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ தோட்டாக்களை வெளியே கொட்டினாள். கோப்பை வேறு யாருக்கோ போனது.

பிக்கப் வண்டியின் பின்பலகையில் வைத்து அந்தத் தோட்டாக்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குண்டு கழன்றதும் மருந்தைக் காகிதத் தட்டில் கொட்டிப் பார்த்தாள். முதலாவதில் ஒரு சிட்டிகை. அடுத்ததிலும் அதேதான். ஓரினுக்கு மூச்சு வந்தது. வீணாக அவளைத் தோற்கடித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவதைக் கொட்டியவள் அப்படியே நின்றாள்.

"கையை நீட்டு," என்றாள்.

நீட்டினான். தட்டை மடித்து அந்த மருந்தை அவன் உள்ளங்கையில் சரித்தாள். இரண்டு பங்கு சேர்ந்தும் உள்ளங்கைக் குழிகூட நிறையவில்லை.

"இவ்வளவுதான் நீ மிச்சம் பிடிச்சது," என்றாள். துப்பாக்கி பிடிக்கும் தன் வலது கையால் அவன் விரல்களை அதன்மேல் மூடினாள்.