சோத்தாங்கை வாட்ச்

விழிப்பு வந்தபோது வாட்ச் மூன்று மணி காட்டியது. இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று ராக்கப்பன் திரும்பிப் படுத்தார். அடுத்துக் கண் திறந்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. வாட்ச் அப்போதும் மூன்றுதான் காட்டியது. காதில் வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. கேம்ப் வாசலில் பஸ்ஸும் இல்லை. எழுப்பிவிடவும் ஆளில்லை. அறையில் மற்ற எல்லோருக்கும் நைட் டூட்டி.

பஸ்ஸை விட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். வேறு மாதமாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். இது விசாவை மறுபடி அடிக்கிற மாதம். இரண்டாயிரத்து ஆறின் கடைசி. பழைய ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்கு அனுப்புவது என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. மகள் விஜியின் நர்சிங் படிப்பு முடிகிறவரையாவது அவர் இங்கே இருந்தாக வேண்டும்.

அது பேட்டரி இல்லாத ஆட்டோமேட்டிக் வாட்ச். வளைகுடாவில் அஜ்மானுக்கு வந்த புதிதில் வாங்கியது. சைட்டில் சிமென்ட் தூசியும் வியர்வையும் சேர்ந்து செயினில் கெட்டித்துப்போகும். வெள்ளிக்கிழமைகளில் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுப்பார். கண்ணாடிக்குள் லேசாக ஆவி படிந்தாலும் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்.

கடை லுக்மானுடையது. கேம்புக்குப் பின்னால், சலூனை ஒட்டி. கீழக்கரைக்காரர். அன்றைக்கும் பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று தாராளமாகச் சுற்றியது. கை ஆட ஆட அந்தத் தகடு சுற்றும். அது சுற்றச் சுற்ற ஸ்பிரிங் முறுக்கேறும்.

"எண்ணெய் நல்லாத்தான் ஈக்கிது. அழுக்குமில்ல."

"பெறகு ஏன் பாய் நிக்கிது?"

"வச்சிட்டுப் போங்க. ரெண்டு நாள் எங்கையில கட்டிப் பாக்குறேன்."

திரும்பப் போனபோது வாட்ச் லுக்மானின் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றினார்.

"எங்கையில நிக்கல. கைய நீட்டுங்க, கட்டி விடுறேன்."

ராக்கப்பன் இடது கையை நீட்டினார். முழங்கை விலாவை விட்டு வரவில்லை. லுக்மான் அதைப் பார்த்தார்.

"விழுந்தீங்களா?"

"சாரத்துலேருந்து. நோன்புக்கு முன்னால. அப்ப வலி மட்டுந்தான். போகப் போகத் தோளு இறுகிப்போச்சு."

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"காட்டுனா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும்ல."

லுக்மான் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வாட்ச்சுக்கு ஒண்ணுமில்லண்ணே. கை ஆட மாட்டேங்குது. அதான் நிக்கிது."

"சாவி குடுத்து ஓட்ட முடியாதா?"

"இந்த மாடலுக்குத் திருகுனா ஏறாது. உங்க கைதான் சாவி. படுக்குறதுக்கு முன்னால கழட்டிக் கொஞ்ச நேரம் ஆட்டி வைங்க."

"ரூமுக்கு வந்து விழுந்தா நான் பொணம் பாய். எங்கிட்டு ஆட்ட?"

"அப்ப அடுத்த கையில கட்டுங்க." அவரே கட்டியும் விட்டார்.

ராக்கப்பனுக்குக் கம்பி கட்டுகிற வேலை. கம்பிகள் குறுக்கே சேருமிடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியை மாட்டி வலது கையால் முறுக்க வேண்டும். இடது கை செய்ய வேண்டியதை முழங்காலை அண்டக் கொடுத்துச் செய்யப் பழகியிருந்தார். பாரமான கம்பியைக் கூட வேலைசெய்கிற கார்மேகம் தூக்கிக்கொடுத்துவிடுவான். சைட்டில் அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

கொக்கி முறுக்குகிற கையில் வாட்ச் நிற்கவேயில்லை. அதன்பிறகு ராக்கப்பன் ஒருநாளும் பஸ்ஸை விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள், பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"யண்ணே, என்ன பொம்பளையாளு மாதிரி சோத்தாங்கையில கட்டிருக்கீக?"

"அக்காகிட்ட மணி கேளுங்கப்பா," என்றான் இன்னொருவன்.

பஸ்ஸே சிரித்தது. "சும்மா வாங்கடா," என்று கார்மேகம் அதட்டினான். ராக்கப்பனும் சேர்ந்து சிரித்துவைத்தார். அவர் ஊரில் ஆம்பளை வாட்ச் கட்டுவது பீச்சாங்கையில்தான். வலது கையில் கட்டியபோது அவருக்கு இது தோன்றவேயில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குள் 'அக்கா' எல்லாத் தளங்களுக்கும் போய்விட்டது. ஃபோர்மேன் ஜெயசீலன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். நாகர்கோவில்காரன்.

"என்ன அண்ணாச்சி, புது ஃபேஷனா?"

"பீச்சாங்கைல அரிப்பு தம்பி. செயின் ஒத்துக்கல."

"எங்க, காட்டும்."

செயின் கிடந்த இடம் வெளுத்திருந்தது. தடிப்பு எதுவும் இல்லை. ஜெயசீலனின் சிரிப்பு நின்றது.

"கைய மேல தூக்கும் பாப்போம்."

கை மார்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ராக்கப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் குலுக்கிப் பார்த்தார். தோள்தான் காதுப்பக்கம் ஏறியது. கை அங்கேயே நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

"சொன்னா என்ன செய்வீக?"

ஜெயசீலன் சாரத்தின் பக்கம் பார்த்தான். "இந்தக் கையோட உம்ம எப்படி மேல ஏத்த? மறுபடி விழுந்தீருன்னா நான்லா பதில் சொல்லணும். இந்தத் தடவ விசா அடிக்க மாட்டாவ அண்ணாச்சி. கலாஸ். முடிஞ்சுது."

"சரி தம்பி."

தன் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக அந்தச் 'சரி' வரும் என்று ராக்கப்பன் நினைத்திருக்கவில்லை. ஜெயசீலன் போய்விட்டான். ராக்கப்பன் இடது கையைத் தொங்கவிட்டார். நல்ல கைபோலக் காட்ட அதை எத்தனை இறுக்கிப் பிடித்துவந்தார் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது. முதலில் வலி வந்தது. பிறகு கொஞ்சம் மட்டுப்பட்டது. விஜியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினார். யோசிக்கத் தெம்பில்லை.

பஸ் சாயங்காலம்தான் வரும். வேறு வழியில் கேம்புக்குப் போக முடியாது.

"யண்ணே, நெழல்ல போயி உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்," என்றான் கார்மேகம். பேச்செல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது.

"உக்காந்து என்னத்தப் பண்ண? கம்பியப் பிடி."

ராக்கப்பன் குத்தவைத்து உட்கார்ந்து அடுத்த கம்பிக்கட்டில் கொக்கியை மாட்டினார்.