இருபது நடக்குது

மலேயாவில் நடக்கவிருந்த சர்வதேச இளைஞர் கால்பந்துப் போட்டியின் விதிகள் திருச்சியில் ஒருவருக்கு மட்டும் மனப்பாடம். தேர்வுக் குழுச் செயலாளர் ரங்கசாமி. பந்தைக் காலால் தொட்டறியாதவர். நாடுகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள், பிரிவில் முதலில் வருபவர்கள் இறுதி ஆட்டம் ஆடுவார்கள், இருபது வயது நிறையாதவர்களுக்கே இடம் என்று ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். ஆடிக் களைத்த பையன்கள் வெயிலில் நின்று கேட்க வேண்டும்.

ஐம்பத்தொன்பதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேர்வு ஆட்டம். என் தம்பி முஜிபுர் மூன்று கோல் போட்டான். திருச்சியிலிருந்து ஒரே ஒருவனைத்தான் அடுத்த தேர்வுக்கு மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். அது அவன்தான் என்று மைதானமே பேசியது. ரங்கசாமி எங்கள் அத்தாவைக் கடையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்.

"பையனுக்கு என்ன வயசு பாய்?"

"இருபது நடக்குதுங்க."

ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறதென்று அத்தா சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். ரங்கசாமி பேனாவை மூடினார்.

"இருபது ஆயிட்டா இடமில்லை. ரூல்."

"ஆகலைங்க, நடக்குது. பத்தொம்பது முடிஞ்சு மூணு மாசந்தான். ஸ்கூல் சர்டிபிகேட் கொண்டாரேன்" என்றேன்.

"பெத்தவரே சொல்லிட்டார். அப்புறம் சர்டிபிகேட் எதுக்கு?"

அதற்கு முந்தின வாரம்தான் ஸ்ரீரங்கத்தில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தது.

"உங்க கல்யாணம் அறுபது நடக்கையிலயா, முடிஞ்சப்புறமா?" என்றேன்.

"பூர்த்தியாகித்தான். அது சாஸ்திரமய்யா! இது இன்டர்நேஷனல்!"

பையன்கள் சிரித்தார்கள். அவர் தன் நண்பர் மகனின் பெயரை எழுதினார். 'நடக்குது' என்ற தமிழ் அவருக்குத் தெரியாமலில்லை. தெரியாததுபோல் இருக்கத்தான் அந்த ஆங்கிலம்.

வீட்டில் அத்தா ஆவலோடு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முஜிபுர் முந்திக்கொண்டான்.

"நம்ம ஆட்டம் மெட்ராஸுக்குப் பத்தாதாம் அத்தா."

"தின்னுட்டுத் தூங்கினா கால் எப்படிடா ஓடும்?"

அன்றிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அத்தா அதைச் சொல்லித் திட்டுவார். முஜிபுர் சிரித்துக்கொண்டே சோறு தின்பான். என்னையும் உண்மையைச் சொல்லவிடவில்லை.

சென்ற வருடம் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. துக்கம் கேட்க ரங்கசாமியும் வந்தார். கண் மங்கிப்போன அத்தாவின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நீங்க மட்டும் வயசை..."

கையைப் பிடித்து எழுப்பினேன். வாசலில் கிடந்த அவர் செருப்பைத் தெருவில் எடுத்துப் போட்டேன்.

"யாருடா அது? என்ன சொல்ல வந்தாரு?" என்றார் அத்தா.

"தம்பி ஆட்டத்தைப் பத்தித்தான் அத்தா. உங்க மாதிரியே பேச வந்தாரு."